காட்டுக்கு ஒரு பாண்டா போதும்

ஒரு காட்டில் ஒரே ஒரு பாண்டா இருந்தது. இந்தக் கதை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அதுவும் செத்துப்போனது.

வயதான சாவுதான். வாழ்நாள் முழுக்க மூங்கில் தின்றது, தூங்கியது, எழுந்து மறுபடியும் மூங்கில் தின்றது. யாருக்கும் ஒரு நல்லது செய்ததில்லை, கெட்டதும் செய்ததில்லை. ஆனால் அது இருந்த வரைக்கும் சீன தேசத்தின் அந்த மலையில் கோடாலிச் சத்தம் கேட்டதில்லை. பள்ளத்தாக்கு வழியாக வந்த நெடுஞ்சாலை, மேலே பாண்டா இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அடிவாரத்திலேயே நின்றுபோயிருந்தது.

புதைத்த கையோடு மிருகங்கள் ஓடைக்கரையில் கூடின.

"செத்தது வெளிய தெரிஞ்சா ரோடு மேல ஏறிடும்," என்றது சடைச்சி. அது பொன்னிறக் குரங்குகளின் தலைவி. "கணக்கெடுக்கிற அதிகாரி வர்ற நேரம் இது. பாண்டா இல்லேன்னு எழுதிட்டுப் போனான்னா நம்ம அத்தனை பேருக்கும் வீடு போச்சு."

"ஏன், நான் இல்லையா? என் இனமும்தான் குறைஞ்சுக்கிட்டே வருது," என்றது முள்ளம்பன்றி.

"உன்னை மாதிரி பொம்மை செஞ்சா எந்தக் குழந்தை கட்டிப்பிடிச்சுத் தூங்கும்? சும்மா இரு," என்றது சடைச்சி.

எல்லாருடைய பார்வையும் மொக்கையன் மேல் திரும்பியது. மொக்கையன் ஒரு கறுப்புக் கரடி.

"என்னை ஏன் பார்க்கிறீங்க? நான் தேன் குடிக்கிறவன். மூங்கில் எனக்கு வயித்தைப் பிடிச்சுக்கும்."

"உன் குகை வாசல்லதான்டா ரோடு போகுதாம். லாரி ஹாரன் மட்டும் வயித்துக்கு ஒத்துக்குமா?"

கரடி உட்கார்ந்து முதுகைக் காட்டியது. குரங்குகள் ஓடைக்கரை வெள்ளை மண்ணைக் குழைத்துப் பூசின. கண்ணைச் சுற்றியும் காதும் தோளும் கைகால்களும் கறுப்பாகவே விடப்பட்டன. மொக்கையன் தண்ணீரில் எட்டிப் பார்த்தது. தூக்கம் கெட்ட கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

மறுநாள் அதிகாரி வந்தார். ஆள் புதியவர். மனித முகத்தைப் பார்த்துப் பழகினால் பாண்டாவின் சுபாவம் கெட்டுவிடும் என்று மேலிடத்து உத்தரவு. ஆகவே தலை முதல் கால் வரை பாண்டா உடுப்பு மாட்டிக்கொண்டு, வாசனைக்காகப் பாண்டா மூத்திரத்தையும் தடவிக்கொண்டு வந்திருந்தார்.

மூங்கில் புதருக்குள் இரண்டும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன.

அசல் வந்துவிட்டது, தொலைந்தோம் என்று நினைத்தது கரடி. அதிகாரியும் அதுவரை பாண்டாவைப் படத்தில்தான் பார்த்திருந்தார். கரடி சமாளிப்பதற்காக ஒரு மூங்கிலை ஒடித்துக் கடித்தது. அதிகாரியும் ஒடித்துக் கடித்தார். அவர் முதுகை மரத்தில் தேய்த்தார். கரடியும் தேய்த்தது. பாண்டாவாக நடந்துகொள்வது எப்படி என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அதிகாரியின் வயிற்றுக்குள் செல்போன் அடித்தது.

"சாப்பிட்டேன்மா," என்று கிசுகிசுத்தார். "மூங்கில்தான். அப்புறம் பேசறேன்."

மொக்கையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இதுவும் நம்மைப் போலப் பிழைப்புக்கு வேஷம் கட்டி வந்ததுதான். ஆனால் அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வெள்ளை மண் கரைந்து கரடியின் தொடை வழியாக ஓடியது.

அதிகாரி தன் பாண்டாத் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கரடியா?"

"ஆமா சார்."

"அசல் எங்கே?"

"காலமாயிட்டாரு."

அதிகாரி அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "இல்லேன்னு எழுதினா என் ஆபீஸை மூடிடுவாங்கய்யா. பாலைவனத்துக்கு மாத்திடுவாங்க, ஓணான் எண்ணுறதுக்கு. என் சம்சாரத்துக்கு வெயிலே ஆகாது."

"எனக்கு மூங்கிலே ஆகாது சார். தின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்?"

அதிகாரி மழையையும் கரடியையும் மாறி மாறிப் பார்த்தார். "மழை விட்டதும் மறுபடி பூசிக்க முடியுமா?"

"குரங்குங்க பூசிவிடும்."

"காதுல வெள்ளை ஒட்டியிருக்கு. காது கறுப்பா இருக்கணும். அதைக் கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லு."

மரத்தில் கேமரா கட்டப்பட்டது. மொக்கையன் தினமும் அதன் எதிரில் உட்கார்ந்தது. உலகம் முழுவதும் ஜனங்கள் வேலை நேரத்தில் இணையத்தில் அதைப் பார்த்தார்கள். கொட்டாவி விட்டால் கொண்டாடினார்கள். கிளையிலிருந்து விழுந்தால் இன்னும் கொண்டாடினார்கள். கரடியாக இருந்த காலத்திலும் அது விழுந்ததுண்டு. அப்போது யாரும் கைதட்டியதில்லை. அன்பர்கள் தேன் தடவிய சோள ரொட்டி அனுப்பினார்கள். நெடுஞ்சாலை மலையைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போனது.

அடுத்த வருஷம் முகட்டுக்கு அந்தப் புறம் மூங்கில் பூத்தது. பூத்த மூங்கில் பிழைக்காது. காடு முழுவதும் காய்ந்து நின்றது. அங்கிருந்து பசியோடு முகடு ஏறி ஒரு பாண்டா வந்தது. பெண் பாண்டா, எலும்பும் தோலுமாக.

"கொஞ்சம் மூங்கில் கிடைக்குமா தாயி?" என்று சடைச்சியிடம் கேட்டது.

செய்தி தெரிந்து அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்தார். "ரெண்டா? யாரும் பார்க்கலியே?"

"ஏன் சார், நல்லதுதானே?" என்றது மொக்கையன்.

"என்னய்யா நல்லது? ஒண்ணு இருந்தா அழியப்போகுதுன்னு காப்பாத்துவாங்க. ரெண்டு இருந்தா பெருகுதுன்னு அர்த்தம். ஆபத்து நீங்கிடுச்சுன்னு மாலை போட்டுக் கொண்டாடிட்டு, ரோடை மேல ஏத்திடுவாங்க."

"அப்போ கரடி பழையபடி கரடியாகட்டும். இந்தம்மா கேமரா முன்னாடி உட்காரட்டும்," என்றது முள்ளம்பன்றி.

சபையில் கெட்ட வார்த்தை பேசியதுபோல எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அதிகாரி பெண் பாண்டாவைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார். "மொக்கையன் முகம் ஜனங்களுக்குப் பழகிப்போச்சு. இந்த முகத்தைக் காட்டினா போலின்னு சொல்லிடுவாங்க."

"போலியா? நானா?"

"வருத்தப்படாதீங்கம்மா," என்றது மொக்கையன், வாயில் ரொட்டியோடு. "ஆரம்பத்துல எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

சடைச்சி இடி விழுந்த மரத்திலிருந்து இரண்டு கை நிறையக் கரி கொண்டுவந்தது. "கரடி வேலை காலியாத்தான் இருக்கு. உனக்கு மூங்கில் வேணுமா, பேரு வேணுமா?"

பாண்டா தன் வயிற்றைப் பார்த்தது. "மூங்கில்," என்றது.

கரி பூசினார்கள். அன்று முதல் அது பின்சரிவில் மேய்ந்தது. பார்க்க வருகிறவர்கள் "சீ, சாதாரணக் கரடி" என்று கல்லெறிந்து விரட்டிவிட்டு மொக்கையனைத் தேடிப் போனார்கள்.

மழை பெய்யும்போது மட்டும் இரண்டும் மொக்கையனின் பழைய குகைக்கு ஓடிவந்து முதுகோடு முதுகு சாய்ந்து உட்காரும். ஒன்றின் வெள்ளையும் மற்றதன் கறுப்பும் கலந்து வாசல் வழியாகச் சாம்பல் நிறத்தில் ஓடும். அப்போதும் அந்தக் காட்டில் ஒரு கரடியும் ஒரு பாண்டாவும்தான். மழை விட்டாலும் அதே கணக்குத்தான். ஆள் மட்டும் மாறிக்கொள்வார்கள்.

நீதி: அரியவனாக இரு, அசலாக இருக்க வேண்டியதில்லை. அசலாகப் பிறந்துவிட்டவர்கள் தாமதமாக வருவதானால், கையோடு கரியும் கொண்டு வரவும்.