கிருமிக்கு ஒரு பூர்வீகச் சான்று

அன்று இட்லிச் சான்று அலுவலகத்தில் ஆஜரானவர்கள்: அதிகாரி ராஜவேலு, கணினியில் கிருமிகளை ஒப்பிடும் பிரவீனா, எழுத்தர் தேவசகாயம், சின்ன காஞ்சிபுரத்தில் மிளகு இட்லி விற்கும் அம்சா, அவளுடைய தூக்குவாளி மாவு. மாவுக்குள் இருந்த கிருமிகளைத் தேவசகாயத்தால் எண்ண முடியவில்லை. "மற்றும் பலர்" என்று எழுதிக்கொண்டார்.

காஞ்சிபுரம் இட்லி என்று விற்பவர், மாவைப் புளிக்கவைக்கும் கிருமியும் காஞ்சிபுரத்துப் பூர்வீகம்தான் என்று சான்று பெற வேண்டும் என்பது புதிய ஆணை. பெறாத கடை பெருமாள் கோயில் கருடசேவைத் திருவிழாவுக்கு முன் அகற்றப்படும். கருடசேவைக்குப் பத்து நாள். அம்சாவுக்குப் பிழைப்பே அந்தக் கடை.

இரண்டு சேலையின் கரையை இழை இழையாக ஒத்துப்பார்ப்பதுபோல், அம்சாவின் கிருமியுடைய மரபணு எழுத்துகளை அலுவலகம் வைத்திருந்த மூல மாதிரியின் எழுத்துகளோடு கணினி ஒத்துப்பார்த்தது.

"தொண்ணூத்தி நாலு புள்ளி ஒம்போது சார்," என்றாள் பிரவீனா. "தொண்ணூத்தஞ்சு வந்தாத்தான் ஒரே இனம்."

"அப்போ இது வெளியூர்க் கிருமி," என்றார் ராஜவேலு, துக்கம் விசாரிக்கும் குரலில்.

"இன்னா சார் இது! முப்பத்தோரு வருசமா எங்க வூட்டுப் பானையிலதான் பொங்கிக்கினு இருக்குது. அது எங்க போய்ட்டு வந்துச்சு?"

"ரேஷன் கார்டுல பேர் சேத்தீங்களா?"

அம்சா பிரவீனா பக்கம் திரும்பினாள். "யம்மா, நீ எதோட ஒத்துப்பாத்த?"

"மூல மாதிரியோடக்கா. ஆபீஸ் திறப்பு விழா இட்லி மாவுல எடுத்தது."

"அந்த மாவு எங்கேர்ந்து வந்துச்சு?"

பிரவீனா அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார். தேவசகாயம் கோப்பைப் புரட்டிப் படித்தார்: "வாலாஜாபாத். பாக்கெட் மாவு. ரெண்டு கிலோ."

"அப்போ அதுதான் சார் வெளியூரு!"

"மூல மாதிரியை மூல மாதிரியோடவே ஒத்துப்பாத்தாச்சுமா," என்றார் ராஜவேலு. " நூத்துக்கு நூறு. அதுல ஒரு குறையும் இல்ல."

அம்சா வாலாஜாபாத் பஸ் ஏறினாள். மறுநாள் அதே பாக்கெட் மாவைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு வந்தாள். நூற்றுக்கு நூறு. "பூர்வீகம்: காஞ்சிபுரம்" என்று முத்திரை விழுந்தது.

கருடசேவையன்று கடையில் ஒரு பக்கம் சான்று பெற்ற இட்லி நாற்பது. மறுபக்கம், துணியால் மூடி, பானை மாவு இட்லி நாற்பது. வந்தவர்கள் சான்றிதழோடு செல்ஃபி எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "யக்கா, அந்த வெளியூரு இருக்குதா?" என்றார்கள்.

ராஜவேலுவும் வந்தார். சான்று பெற்ற இட்லியில் பாதியைப் புகைப்படத்துக்காகக் கடித்தார். படம் நன்றாக விழுந்தது. மீதிப் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "வூட்டுக்கு வெளியூரு நாலு கட்டிக் குடும்மா," என்றார்.

கடை சாத்தும்போது தேவசகாயம், வாயைத் துடைத்துக்கொண்டு, இருப்பை எண்ணிப் பதிந்தார். வெளியூர் இட்லி: இல்லை. காஞ்சிபுரம் இட்லி: முப்பத்தொன்பதரை.