ஊமைப் பொத்தானின் ஆரஞ்சு விளக்கு

ஆம்பூர்,
ஆகஸ்ட் 2009, வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மாப்பிள்ளை நெல்வினுக்கு, உன் அத்தை ஜெயபுஷ்பத்தின் கணவனும் தற்சமயம் தனிக்கட்டையுமாகிய தேவானந்தம் மாமா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நான் சுகம். என் சர்க்கரையும் சுகமாகவே இருக்கிறது, என்னை விட்டுப் போகும் எண்ணம் அதற்கு இல்லை. பெங்களூரில் நீயும் உன் மனைவி பெர்சிஸும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். இதை ஏன் ஈமெயிலில் எழுதாமல் தபாலில் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். அந்த லேப்டாப்பைப் பற்றிய புகாரை அந்த லேப்டாப்பிலேயே உட்கார்ந்து எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

விஷயம் இதுதான். என் மகள் அக்சா வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு சென்னையிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வருகிறாள், வீட்டைப் பூட்டி என்னை அழைத்துப் போக. அவளுடைய ஐந்தாவது மாடி வீட்டில் எனக்கு ஓர் அறை தயாராம். அதன் ஜன்னலைத் திறந்தால் இன்னொருவர் ஜன்னல் தெரியும். அப்பாவுக்கு மூளை பிசகிவிட்டது, செத்துப்போன அம்மாவோடு பேசுகிறார் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். பிசகியது என் மூளை அல்ல மாப்பிள்ளை, நீ போட்டுக் கொடுத்த லினக்ஸில் லேப்டாப்பின் ஊமைப் பொத்தான் விளக்கு. இதை நீ ஒரு வார்த்தை அவளுக்கு எழுத வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டாள், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் நீ சொன்னால் நம்புவாள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். லேப்டாப்பில் வைரஸ் புகுந்தது என்று இரண்டு வருடத்துக்கு முன்பு பழையதையெல்லாம் அழித்துவிட்டு லினக்ஸ் போட்டாயே, "இனிமே வைரஸ் கிட்டயே வராது மாமா" என்று சத்தியம் செய்தாயே, அது உண்மைதான், வைரஸ் வரவில்லை. உன் அத்தை போன வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு அதை பீரோவில் வைத்துவிட்டேன். போன வாரம் அக்சா வந்து, "தினம் உங்க மூஞ்சியப் பாக்கணும்பா" என்று சொல்லி வெளியே எடுத்து மேஜையில் வைத்து, எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்துவிட்டுப் போனாள். விசைகளுக்கு மேலே ஒரு பட்டையில் சத்தத்தை அடைக்கும் ஊமைப் பொத்தான் இருக்கிறதல்லவா, தொட்டால் ஆரஞ்சு விளக்கு, ஆரஞ்சு என்றால் ஊமை, நீலம் என்றால் பேசும் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். இப்போது எந்நேரமும் ஆரஞ்சாகவே இருந்தது. அக்சா பேசும்போதும் ஆரஞ்சுதான். அவளை எந்தப் பொத்தானாலும் அடக்க முடியாது என்பது குடும்பத்துக்கே தெரியும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் போன மறுநாள் சாயங்காலம் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் வேறு யாரும் இல்லை, லேப்டாப் மூடி பாதி சாய்ந்திருக்கிறது, இடுக்கில் அந்த ஆரஞ்சு மட்டும் தெரிகிறது. "ஏங்க, மோட்டார் ஓடுது" என்று உன் அத்தையின் குரல். அதே குரல், வார்டில் நர்ஸாக இருந்து இருந்து அவளுக்கு வந்த அந்த அதட்டல். எனக்குப் பேப்பர் கையிலிருந்து நழுவிவிட்டது. மோட்டார் உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தது, மாப்பிள்ளை! மாடித் தொட்டி நிறைந்து பக்கத்து வீட்டு நிசார் அஹமது பாய் காயப்போட்டிருந்த துணியெல்லாம் நனைந்து, அவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னா தேவா சார், பேஜாரா போச்சு, என் புது ஜிப்பா போய்டுச்சு" என்று கத்துகிறார். நான் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆரஞ்சு. ஊமை. ஆனால் பேசியது.

உனக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். நான் தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஓடும் இடத்தில் மேஸ்திரியாக இருந்தவன். தோலைப் போட்டுச் சுற்றும் அந்த மர டிரம் ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு சிவப்பு விளக்கு இருக்கும், எரிந்தால் டிரம் ஓடுகிறது, கிட்டே போகாதே, அணைந்தால் நின்றுவிட்டது. அங்கே சத்தத்தில் எதுவும் காதில் விழாது, கண்ணால் விளக்கைப் பார்த்துத்தான் வேலை. ஒரு நாள் பல்பு ஃபியூஸ் போனது தெரியாமல் என் கீழ் வேலை பார்த்த மூர்த்தி டிரம்முக்குள் கையை விட்டான், இரண்டு விரல் போய்விட்டது. அன்றிலிருந்து விளக்கு பொய் சொல்லலாம் என்ற எண்ணமே எனக்குப் பெரிய பயம். செத்தவள் பேசியதைவிட விளக்கு பொய் சொன்னதுதான் என்னை அதிகம் உலுக்கியது என்றால் நம்புவாயா?

கணவர் கத்திய சத்தம் கேட்டு வந்த நிசார் பாயின் மனைவி ஜஹீருன்னிசா வாசலில் நிற்கும்போதே அந்தக் குரல் மறுபடி வந்தது. "ஏங்க, கேட்டைப் பூட்டிட்டீங்களா?" அந்த அம்மா முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "சிஸ்டர் குரல்தான். மெஷினுக்கு மேல ஏதாவது ஓதி ஊதணும் சார், நான் பள்ளிவாசல் ஆலிம் கிட்ட கேட்கட்டா?" என்றார். நான் நம் போதகர் ஐயாவை அழைத்தேன். அவர் வந்து லேப்டாப்பின் மேல் கையை வைத்து, கண்ணை மூடி, உரத்த குரலில் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே, "மாத்திரை போட்டீங்களா?" என்றது. ஐயாவுக்கும் சர்க்கரை உண்டு. கண்ணைத் திறக்காமல், "இன்னும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் யாருக்குப் பதில் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ஆமென் சொல்லாமலேயே செருப்பைத் தேடினார். அக்சாவுக்குச் செய்தி போனது அவர் வீட்டிலிருந்துதான் என்று நினைக்கிறேன், போதகரம்மாவுக்கு ஃபோன் பில் ஜாஸ்தி.

அப்புறம்தான் உனக்கு ஃபோன் செய்தேன், நீயும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய். திரையில் கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறக்கச் சொன்னாய். கடவுச்சொல்லை அடிக்கச் சொன்னாய். நான் அடிக்கிறேன், திரையில் ஓர் எழுத்துகூட விழவில்லை. கேட்டதற்கு நீ, "அடிக்கிறது கண்ணுக்குத் தெரியாது மாமா, ஆனா அது கேட்டுக்கிட்டுதான் இருக்கு" என்றாய். அதைப் பகலில்தான் சொன்னாய், ஆனாலும் நான் எழுந்து டியூப் லைட்டைப் போட்டேன். பிறகு சத்த அளவைக் காட்டும் பச்சைத் தூண்கள் எழும்பின, காலடியில் இரண்டு எம் இருந்தால் ஊமை, இரண்டு சைபர் இருந்தால் பேசும் என்றாய். எம்மை அழுத்தினால் சைபர் வருகிறது, மறுபடி அழுத்தினால் எம் வருகிறது, விளக்கு மட்டும் அசையாமல் ஆரஞ்சாகவே எரிகிறது. "இந்த மாடலுக்கு லினக்ஸ்ல அந்த லைட் சும்மா எரியும் மாமா, அதை நம்பாதீங்க" என்று நீ சிரித்தாய். சிரித்து முடித்த பிறகு உண்மையையும் சொன்னாய். ஆபரேஷனுக்குப் போகுமுன் உன் அத்தை உன்னைக் கூப்பிட்டு, "நான் இல்லாத நாள்ல இந்த மனுஷன் எல்லாத்தையும் மறந்துடுவார்" என்று சொல்லி, மோட்டார், கேட், மாத்திரை என்று மூன்று வாக்கியம் பேசிப் பதிவு செய்து, தினம் அந்தந்த நேரத்துக்கு ஒலிக்கும்படி வைத்திருக்கிறாள். அந்த மூன்றைத் தவிர வேறு ஒன்றும் அதில் இல்லை என்றும் சொன்னாய். விளக்கைச் சரி செய்ய ஒரு வரியையும் பதிவுகள் இருக்கும் இடத்தையும் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் குறித்துக்கொள்ள வைத்தாய், ஆனால் எனக்கு அதில் கை வைக்கத் துணிச்சல் வரவில்லை.

அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்ததா என்றால், இல்லை. ஏமாற்றமாக இருந்தது. உன்னிடம் மறைப்பானேன்.

ஆனால் அக்சாவுக்கு இதெல்லாம் புரியாது. "அப்பா, லைட் ஆரஞ்சுல இருக்கறப்ப சத்தம் வராதுப்பா, உங்களுக்குத்தான் அப்படிக் கேக்குது" என்று என்னிடமே பாடம் நடத்துகிறாள். ஆகையால் நீ செய்ய வேண்டியது, சனிக்கிழமைக்குள் வந்து விளக்கைச் சரி செய்து, அந்த மூன்று பதிவையும் அழித்து, தவறு இயந்திரத்துடையது, மாமா முழுப் புத்தியோடு இருக்கிறார் என்று அவளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அந்தக் குரல் வேண்டாம். எனக்கு வேண்டியது என் வீடு, என் கேட், என் மோட்டார். இது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது.

உன் வீட்டு அடுப்பும் உன் வேலையும் அணையாமலிருக்க ஆண்டவர் காவலிருப்பாராக. பெர்சிஸுக்கு என் ஆசீர்வாதம். ஆம்பூர் பக்கம் வந்தால் பிரியாணிக்கு நேரம் ஒதுக்கி வரவும்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
தேவானந்தம்.

பி.கு. – திங்கட்கிழமை. தபால் பெட்டி வரை போகச் சோம்பல்பட்டு இந்தக் கடிதத்தை ஒட்டாமலே வைத்திருந்தேன். நீ ஃபோனில் எழுத்தெழுத்தாகச் சொன்ன அந்த வரியைச் சனிக்கிழமை நானே சேர்த்து, இயந்திரத்தை நிறுத்தி மறுபடி போட்டேன். சரியாகிவிட்டது. தொட்டால் ஆரஞ்சு, மறுபடி தொட்டால் நீலம், டிரம் விளக்கு மாதிரி கச்சிதம். நீ சொன்ன இடத்தில் இருந்த மூன்று பதிவையும் அழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அக்சா வந்தாள், தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், சாயங்காலம் முழுவதும் கூடவே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. "சரிப்பா, இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு வேனைத் திருப்பிக்கொண்டு இன்று காலைதான் போனாள்.

வேன் தெருமுனை திரும்பியதும் நான் உள்ளே வந்து ஊமைப் பொத்தானைத் தொட்டேன். ஆரஞ்சு. கறுப்பு ஜன்னலையும் திறந்து பார்த்தேன், தூணடியில் இரண்டு எம். எல்லாம் முறைப்படி இருந்தது.

"ஏங்க, பொண்ணு போய்ட்டாளா?"

போய்ட்டா என்றேன். மாப்பிள்ளை, நீ வர வேண்டாம். அக்சாவுக்கும் எதுவும் எழுத வேண்டாம். இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை.