செங்கண்ணாடிச் சூரர் அவரைக்கொடியோடு பொருத போர்

வாழ்க தவசிமுத்து! கல்மண்டபத்து மிளகாய் மண்டியின் மன்னர், தும்மலுக்கு அஞ்சாத் தோளினர், எட்டுக் குடித்தனமும் ஒரே குழாயும் கொண்ட வளவில் வாய்வீச்சு ஒன்றாலேயே வாகை சூடியவர்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றின் சித்திரை வெயிலே, அன்னார் பெருமைக்கு நீயே சாட்சி சொல்வாயாக!

எதிர்வீட்டில் குடியிருந்த பெரம்பூர் ரயில் பட்டறைத் தொழிலாளி மஜீது, கழித்துப்போட்ட கைகாட்டி விளக்குக் கண்ணாடி இரண்டைச் சிவப்பொன்றும் நீலமொன்றுமாய்க் கேட்டு வாங்கிவந்து, வளவின் இருண்ட நடைக்கு இருபுறமும் இருந்த சிறு சாளரங்களில் பதிக்கலாம் என்றதுதான் தாமதம், செந்நிறம் வேந்தர்க்கே உரியதெனப் பாய்ந்து பற்றினார் நம் வீரர். மிஞ்சிய நீலம் மஜீதின் மனைவி ரஹீமுன்னிசாவின் பக்கம் போயிற்று. நடை நடுவே தொட்டியில் ஓர் அவரை முளைத்திருந்தது. ஒரு மணி நேரமே ஒழுகும் குழாயில் முதற்குடம் எவர்க்கு என்று இவ்விரு வீட்டாரும் ஓயாது பொருதமையால், பத்து நாள் கழித்துக் கொடி சாய்ந்திருக்கும் பக்கத்தார்க்கே முதற்குடம், தோற்றவர் கடைசி என வளவார் தீர்த்துவைத்தனர்.

முழங்கினார் தவசிமுத்து: "என் கண்ணாடி சூரியன் கணக்கா செவேல்னு இருக்கு! கொடி அங்கிட்டுப் போயிருமாக்கும்? போனா மத்த ஏழு வீட்டுக்கும் பொறவு குடம் வைக்கேன்!"

"இன்னாத்துக்கு அண்ணே கூவிகினு கீறே? செடி பாட்டுக்கு வளரட்டும்," என்றாள் ரஹீமுன்னிசா.

அந்தோ, மண்டியில் வற்றலின் நிறம் பார்த்தே ஊர் சொல்லும் அந்த மேதைக்கு, தளிருக்கு வழிகாட்டுவது நீல ஒளியே என்பதும், சிவப்பை நோக்கி அது திரும்பாது என்பதும், நீலம் படாத புறம் விரைந்து வளர்ந்து தண்டை நீலத்தின் பக்கமே வளைத்துவிடும் என்பதும் எங்ஙனம் தெரியும்? மூன்றாம் நாளே கொடி நீலத்தை வணங்கியது. வெகுண்டெழுந்த வீரர் எவரும் அறியாமல் தொட்டியைத் திருப்பிவைத்தார். மறுநாள் அது மீண்டும் நீலத்துக்கே திரும்பியது. திருப்பினார், திரும்பியது. பட்டப்பகலில் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னே பெட்ரோமாக்ஸ் ஏற்றி, வேட்டி நுனியைக் கருக்கிக்கொண்டு, அரும்பியும் அரும்பாத இரண்டு இலைகளோடு எட்டு நாள் போர் புரிந்த அந்தப் பேராண்மையை என்னென்பது! பதினோராம் நாள் வளவார் கூடிப் பார்த்தபோது, அவர் திருப்பிய திருப்பெல்லாம் தண்டில் கோணலாய்த் தெரிய, நுனி மட்டும் நேராக ரஹீமுன்னிசாவின் சாளரத்தை நோக்கி நின்றது.

மறுநாள் தவசிமுத்துவின் முறை வந்தபோது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது.