கனடாப் பொக்ஸ்

“ஓம் தம்பி, இப்பவும் அதிலதான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறம். சத்தமெண்டா என்ன சத்தம்! மூண்டாம் வீட்டுக்காரர் குறைக்கச் சொல்லிப்போட்டுப் போகினம்” என்றார் குலசிங்கம் கைத்தொலைபேசியில்.

அவர் சொன்ன ‘அது’ ஹோலின் இரண்டு மூலைகளிலும் நெஞ்சளவு உயரத்தில் நின்றது. ஒன்றின் தலையில் பிளாஸ்ரிக் ரோசாப்பூச் சாடி. மற்றதன் தலையில் மகள் பவதாரணி நாலாம் வகுப்பு ஓட்டப் போட்டியில் வென்ற கிண்ணம். தம்பி அனுப்பிய அந்த இரண்டு ஸ்பீக்கர் பொக்ஸுகளுக்கும் கனடாவில் சுற்றிய பொலித்தீன் மூன்று வருடமாக இன்னும் கழற்றப்படவில்லை. வீட்டில் அம்ப்ளிஃபயர் என்று ஒரு சாமானும் இல்லை. அது இல்லாமல் ஸ்பீக்கர் மூச்சுக்கூட விடாது.

“அண்ணை, அதுகளை இன்னும் வைச்சிருக்கிறியளோ?” மறுமுனையில், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் தம்பி தயாபரனின் குரல் இறங்கியிருந்தது.

“என்ன கேள்வியிது? வாற சனி நயினாதீவுக் கோயிலுக்குப் போட்டு, குறிகட்டுவானில வள்ளத்தால இறங்கின கையோட நேரா இஞ்ச வா. ரெண்டு பாட்டுக் கேட்டிட்டுத்தான் போகவேணும்.”

“ஐயோ, அதெல்லாம் வேண்டாம் அண்ணை. உங்களைப் பாத்தாக் காணும்.”

“கேக்காம விடமாட்டன்!”

போனை வைத்துவிட்டு அவர் சொன்னார்: “தம்பிக்கு எவ்வளவு பணிவு பாத்தியளோ?”

குசினிக்குள் இருந்து மனைவி மீனாம்பிகை அகப்பையோடு வந்தாள். “உங்களுக்கென்ன விசரோ? எதில பாட்டுக் கேட்டனீங்கள்?”

“அனுப்பின முதல் கிழமை மரியாதைக்கு ஒருக்காச் சொன்னது. பேந்து எப்பிடி மாத்திச் சொல்லுறது?”

“ஒரு அம்ப் வாங்குங்கோ எண்டு மூண்டு வருசமாச் சொல்லுறன்.”

“பிள்ளை ஓ.எல். எடுக்கட்டும் எண்டெல்லோ பாத்தனான்.”

பிள்ளை ஓ.எல். சோதனை எடுத்துவிட்டாள். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ‘ஏ’. அதில்தான் வீட்டில் சண்டையே. மேசையில், உயர்தர வகுப்புக்கு எந்தப் பிரிவு என்று கேட்கும் பள்ளிக்கூடப் படிவம் கிடந்தது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். பவதாரணிக்குக் கணிதப் பிரிவு வேண்டும். குலசிங்கத்துக்கு உயிரியல் பிரிவு வேண்டும். சரவணை ஊரிலிருந்து ஒரு டொக்ரர் போவதை அவர் தான் வேலை செய்யும் சங்கக்கடையில் பருப்பு நிறுக்கும்போதே கண்ணால் பார்த்துவிட்டார். பவதாரணியின் கண்ணுக்குத் தெரிந்ததோ போத்தலுக்குள் கையை விரித்தபடி மிதக்கும் தவளை மட்டும்தான். அதைத் தொட அவளால் முடியாது.

“அப்பா, பொக்ஸுக்குப் பொருத்தமான அம்ப் எடுக்கிறது பௌதிகம். நான் கணக்குப் பாத்துச் சொல்லுறன்.”

குலசிங்கம் அவளை மேலும் கீழும் பார்த்தார். “அப்பிடியோ? பௌதிகம் பௌதிகமெண்டு குதிக்கிறாய். சனிக்கிழமைக்கிடையில இதைப் பாட வை. பாடினா மற்ஸுக்குக் கையெழுத்து. பாடாட்டி பயோ. பிறகு ஒரு கதை இல்லை.”

“சரி” என்றாள்.

பின்பக்கப் பொலித்தீனைக் கொஞ்சம் கிழித்து, அங்கே ஒட்டியிருந்த துண்டை வாசித்தாள். எட்டு ஓம். நூறு வாற்ஸ்.

“எட்டு ஓமோ? எட்டுத் தரம் ஓமெண்டு சொல்லுற சாமான் பாடாமல் விடுமே?” என்று குலசிங்கம் தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. கொப்பித் தாளில் வடிவாக எழுதிக் கொடுத்தாள்: வீட்டு ஸ்ரீரியோ அம்ப்; எட்டு ஓமுக்குப் பொருந்த வேண்டும்; பக்கத்துக்கு அறுபது முதல் நூறு வாற்ஸ்.

யாழ்ப்பாணம் போன குலசிங்கம் பின்னேரம் ஒரு தட்டையான இரும்புப் பெட்டியோடு வந்தார். “நூறு வாற்ஸ் ஆருக்கு வேணும்? இது ஆயிரத்து இருநூறு!”

“அப்பா, இது காருக்குப் பூட்டுறது. பன்ரண்டு வோல்ற்.”

“எங்களிட்டக் கார் இல்லையே.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்.”

“பற்றரிதானே வேணும்? என்ர மோட்டார் சைக்கிளில இருக்கு.”

பற்றரியைக் கழற்றி ஹோலுக்குள் வைத்தார்கள். வயர் கொடுத்தார்கள். அம்பில் நீல வெளிச்சம் எரிந்தது. பொக்ஸில் ஒரு முனகல்கூட இல்லை. குலசிங்கம் சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார், கடைசியில் கையால் ஒரு தட்டுத் தட்டினார். பூச்சாடி விழுந்தது. வெளிச்சத்தை அணைக்க மறந்துபோய்ச் சாப்பிடப் போனார்கள். அடுத்த நாள் மோட்டார் சைக்கிள் ஊமையாகிவிட்டது. குலசிங்கம் அதைச் சங்கக்கடை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். வழியில் ஏன் தள்ளுகிறீர் என்று கேட்ட எல்லோருக்கும் காரணத்தையும் சொன்னார்.

அதனால் மத்தியானமே மயில்வாகனம் ஓட்டோவில் வந்து இறங்கினார். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர். ஓட்டோவின் தலையில் இரண்டு புனல் குழாய்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“அண்ணை, இது கோயில் அம்ப். கல்லையும் பாட வைக்கும்.”

“மயில் மாமா, இது குழாய்க்குச் செய்தது. வீட்டு ஸ்பீக்கருக்கு ஒத்துவராது. கூடக் குடுத்தா உள்ளுக்க கருகிப்போடும்” என்றாள் பவதாரணி.

“பிள்ளை, நீர் பிறக்க முதல் நான் வயர் இழுத்தனான்.”

இழுத்தார். பொக்ஸ் பாடவில்லை. கருகவும் இல்லை. ஒரு நூல் புகை வந்திருந்தாலாவது பவதாரணி கொஞ்சம் ஆறுதல் அடைந்திருப்பாள்.

“அம்பில பிழையோ எண்டு பாப்பம்” என்று மயில்வாகனம் ஓட்டோவிலிருந்த குழாய்களின் வயரை உள்ளே இழுத்துக் கொழுவினார். மைக்கைக் குலசிங்கத்தின் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் குனிந்து எதையோ திருகினார்.

குலசிங்கம் அவருக்குக் கேட்கட்டும் என்று குனிந்து சொன்னார்: “மயில், நீர் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். தம்பி அனுப்பின பொக்ஸ் மூண்டு வருசமா ஒருநாளும் பாடேல்லை. நான் அவனுக்குப் பொய்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன்.”

“...சொல்லிக்கொண்டிருக்கிறன்” என்றது வெளியே வானம்.

பனைகளிலிருந்த காகங்கள் எல்லாம் எழும்பின. நாலு வீட்டுக் கேற் திறக்கும் சத்தம் கேட்டது.

“அம்ப் நல்லா வேலை செய்யுது அண்ணை” என்றார் மயில்வாகனம்.

“அதைத்தான் நானும் சொல்லுறன்!” பவதாரணி கத்தினாள். “குழாய் பாடுது. பொக்ஸ் பாடேல்லை. அப்ப பிழை எதில?”

“ரெண்டு பொக்ஸும் ஒருமிக்கப் பழுதாகுமே பிள்ளை? அதுவும் கனடாச் சாமான்! இது பொருத்தம்தான் பிழை.”

குசினிக்குள் இருந்து மீனாம்பிகை சொன்னாள்: “பத்துப் பொருத்தம் பாத்துக் கட்டினதே இப்பிடியிருக்கு. உதுக்கு வேற பொருத்தம் பாக்கினமாம்.”

வெள்ளிக்கிழமை பவதாரணி ஊர்காவற்றுறைக்கு பஸ் ஏறினாள். சிநேகிதி அன்ரனிட்டா வீட்டில் ஒரு நல்ல ஸ்ரீரியோ செற் இருந்தது. அதன் அம்ப் எட்டு ஓம், பக்கத்துக்கு எண்பது வாற்ஸ். கணக்குப் போட்டுச் செய்ததுபோல் இருந்தது. கழற்றுவதற்கு முன் அதில் ஒரு பாட்டுப் போட்டுக் கேட்டாள். வீடு அதிர்ந்தது.

“உடைச்சியெண்டா அப்பா என்னைக் கொல்லுவார்” என்றாள் அன்ரனிட்டா.

“பாடாட்டி என்ர அப்பா என்னைத் தவளை வெட்ட விடுவார். ரெண்டு பேரும் சேந்து சாவம்.”

அம்பை மடியில் குழந்தைபோல் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். சிவப்பு வயர் சிவப்புக்கு. கறுப்பு வயர் கறுப்புக்கு. ஊர்காவற்றுறையில் வீட்டை அதிரவைத்த அம்ப் சரவணையில் ஊமையாகிவிட்டது.

அவளுக்கு அழுகை வந்தது. அழாமல் ரோச் லைற்றிலிருந்து ஒரு பற்றரியை எடுத்து, பொக்ஸின் வயர் நுனிகளில் தொட்டாள். உயிருள்ள ஸ்பீக்கர் என்றால் ‘டொக்’ என்றாவது சொல்லும். இது சொல்லவில்லை. மற்றப் பொக்ஸும் சொல்லவில்லை.

“அப்பா, ரெண்டும் உள்ளுக்க பழுது. நாலு ஆணி கழட்டினாக் காணும், நான் பாக்கிறன்.”

“தம்பி அனுப்பின சாமானில ஆணி கழட்டுறதோ? கையை எடு!”

“கழட்டாமல் எப்பிடித் தெரியும்?”

“வேலை தெரியாதவைதான் சாமானைப் பிழை சொல்லுறது. முடிஞ்சுது. பயோ.”

பவதாரணி கையை எடுக்கவில்லை. “என்ர கணக்கு பிழையில்லை.”

சனிக்கிழமை காலை கேற்றடியில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். குழாயில் செய்தி கேட்டவர்கள். பொக்ஸ் பாடுகிறதா, இல்லை குலசிங்கம் பாடப்போகிறாரா என்று பார்க்க வந்திருந்தார்கள். ‘மத்தியானம் நிற்பம்’ என்று தயாபரன் செய்தி அனுப்பியிருந்தான்.

குலசிங்கம் மகளை அறைக்குள் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு சின்னப் புளூடூத் ஸ்பீக்கர் இருந்தது. சிரட்டையளவு. மயில்வாகனத்திடம் வாங்கியது.

“இதைப் பொலித்தீனுக்குப் பின்னால ஒளிச்சு வைச்சுப் போனில பாட்டைப் போட்டா, பொக்ஸ் பாடுற மாதிரி இருக்கும்.”

“அது பொய்யெல்லோ?”

“பொய்யில்லை, சமாளிப்பு.” அவர் படிவத்தை எடுத்தார். கணிதப் பிரிவு என்ற இடத்தில் புள்ளடி போட்டுக் கையெழுத்தும் வைத்தார். பிறகு அதை மடித்துத் தன் சேட் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். “அவன் போகுமட்டும் வாயைத் திறக்காத. பின்னேரம் இது உன்ர கையில. திறந்தியோ, கிழிச்சுப்போடுவன்.”

பவதாரணி அந்தப் பொக்கற்றையே பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

வான் வந்தது. தயாபரன் நெற்றியில் திருநீற்றோடு உள்ளே வந்தான். அவன் மனைவி நிலாந்தினி தீர்த்தக்கரைச் சேற்றோடு கால் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். பவதாரணி தன் சித்தியைக் காண்பது இதுதான் முதல்தரம். சனம் எல்லாம் ஜன்னலில் தொங்கியது.

“இரு தம்பி, முதல்ல பாட்டு” என்றார் குலசிங்கம்.

“வேண்டாம் அண்ணை. தலையிடி.”

“பாட்டுக் கேட்டா மாறும்.”

போனை அமத்தினார். மூலையிலிருந்து பாட்டு எழும்பியது. ஜன்னலில் நின்றவர்கள் “ஆ!” என்றார்கள். தயாபரன் மட்டும் பேயைக் கண்டவன்போல் கதிரையிலிருந்து எழும்பிவிட்டான். பொக்ஸுக்குக் கிட்டப் போனான். காதை வைத்தான். ஒரு அடி பின்னால் வந்தான். திருநீறு வியர்வையில் கரைந்து ஒழுகியது.

“பா... பாடுது அண்ணை.”

“பின்னே? நீ அங்க கேட்ட அதே சத்தம்தானே?”

தயாபரன் நெற்றியைத் துடைத்தான். “ஓம் ஓம். அச்சொட்டா அதே சத்தம்.”

குலசிங்கத்துக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பினார். “என்ர பிள்ளை நாலு நாளா மல்லுக்கட்டினவள். பிழையா வயர் குடுத்துப்போட்டு, பொக்ஸ் பழுதெண்டு நிண்டவள். கடைசியில நான்தான் சரிப்பண்ணினனான். இதுக்குள்ள இவவுக்குக் கணிதப் பிரிவு வேணுமாம்!”

ஜன்னல் சிரித்தது.

பவதாரணி மூலைக்கு நடந்தாள். பொலித்தீனுக்குள் கையை விட்டு, பாடிக்கொண்டிருந்த சிரட்டையளவு சாமானை வெளியே எடுத்து, எல்லோருக்கும் தெரியத் தேத்தண்ணி மேசையில் வைத்தாள்.

“பாடுறது இதுதான் சித்தப்பா. நீங்கள் அனுப்பின பொக்ஸ் எந்த அம்புக்கும் பாடேல்லை. நான் சரியாத்தான் வயர் குடுத்தனான். பொக்ஸ்தான் பிழை.”

“எடியே!” குலசிங்கம் பொக்கற்றிலிருந்து படிவத்தை உருவினார்.

தயாபரனுக்கு நிறம் திரும்பி வந்தது. நிமிர்ந்தான். “என்னண்டு பொக்ஸ் பிழையாகும்? நான் ரெண்டு வருசம் என்ர காதால கேட்ட பொக்ஸ். பிள்ளை, உமக்குப் பொருத்தத் தெரியேல்லை. ஒத்துக்கொள்ளும். அண்ணை, இவவைப் பயோவுக்கே விடுங்கோ.”

“கேட்டியோ? சித்தப்பாவிட்ட மன்னிப்புக் கேள்!” குலசிங்கம் படிவத்தின் இரு மூலையையும் பிடித்தார்.

“கேக்கமாட்டன். கிழியுங்கோ!” பவதாரணியின் குரல் உடைந்தது. ஆனால் கண் இறங்கவில்லை. “பத்துத் தரம் கிழிச்சாலும் நான் மற்ஸ்தான். என்ர கணக்கும் சரிதான்.”

படிவத்தின் ஓரம் அரை அங்குலம் கிழிந்தது.

அப்போதுதான் நிலாந்தினி ஈரக்காலோடு உள்ளே வந்தாள். கிழிந்த பொலித்தீனுக்குள் தெரிந்த பொக்ஸைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“இஞ்சாருங்கோ, நீங்கள் வேலை செய்த கடையின்ர கண்ணாடிக்குள்ள அழகுக்கு வைச்சிருந்த வெறும் கூடெல்லோ இது? கடை மூடேக்க எறியச் சொல்லித் தந்ததை ஏன் இவ்வளவு தூரம் அனுப்பினனீங்கள்?”