சாக்கடைக்கு அந்தப் பக்கம்

கோயமுத்தூர்க்காரர்கள் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். வெளியூர்க்காரர்கள் இதை மரியாதை என்பார்கள். என் அத்தை இதனால் ஒரு தேர்தலிலேயே தோற்றார். (சரி, என்னால் தோற்றார்.)

தொண்ணூறுகளின் நடுவில், நெடுங்காலம் கழித்து மாநகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதும், தையல் கடை வைத்திருந்த அத்தை சுயேச்சையாக நின்றார். "செயிச்சு, நம்ம தெருவுக்குக் குழாத்தண்ணி கொண்டாராம உட மாட்டேன்" என்பது அவர் சபதம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் என்பதால் பிரசாரம் முழுக்க என் பொறுப்பு.

"நம்ம தெருவுல எதுக்குங்கத்தை கேட்டுட்டு? அது எப்படியும் நமக்குத்தானுங்க. சாக்கடைக்கு அந்தப் பக்கம் போலாம்" என்றேன்.

வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கவில்லை, வகுப்பெடுத்தேன். மேயருக்கு ஒரு ஓட்டு, கவுன்சிலருக்கு ஒரு ஓட்டு. தீர்மானம் போடுவது மாமன்றம், வேலையை நடத்துவது கமிஷனர். குழாய் வேண்டுமென்றால் மனுவை எங்கே கொடுப்பது... (ஒரு பெரியவர் தூங்கியே போனார்.) எல்லா வீட்டிலும் மோர், எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "ஆகட்டுங்க தம்பி, போட்டர்லாமுங்க."

மாமாவைப் பட்டாசு வாங்கி வைக்கச் சொன்னேன்.

தேர்தலன்று காலை, எனக்கு ரெண்டு சொம்பு மோர் கொடுத்த அம்மா எங்கள் வாக்குச்சாவடியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் மறித்தேன்.

"ஏனுங்கம்மா, பூத்து இங்கீங்க!"

"எங்களுக்கு மேக்கால பள்ளிக்கூடத்துலீங்க தம்பி. சாக்கடைக்கு அந்தப் பக்கம் வேற வார்டுங்களே?"

"அப்பறம் ஏனுங்க போட்டர்லாம்னீங்க?"

"அத்தன வெயில்ல நடந்து வந்து கேக்கறீங்க. எப்பிடீங்க இல்லீங்கறது?"

சாக்கடைக்கு இந்தப் பக்கமாவது கை கொடுத்ததா? "எங்கூட்டுப் படியேறி ஒரு வார்த்தை கேட்டியா அம்மிணி?" என்று பக்கத்து வீட்டு அக்காவே அத்தையிடம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். அத்தை தோற்றார். பட்டாசை மாமா தீபாவளிக்கு வெடித்தார், என்னை முறைத்தபடியே.

அடுத்த வருடம் சாக்கடைக்கு அந்தப் பக்கம் குழாய் வந்துவிட்டது. நான் விளக்கியபடியே மனு எழுதி, நான் சொன்ன இடத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். (தூங்கிய பெரியவர்தான் முதல் கையெழுத்தாம்.) அத்தை குடத்தோடு சாக்கடையைத் தாண்டி அங்கே போய்த்தான் தண்ணீர் பிடித்தார்.

என் கல்யாணத்தில், தாலியைக் கையில் எடுத்தபோது அத்தை என் காதருகே குனிந்தார், குரலை மட்டும் குறைக்கவில்லை.

"கண்ணு, பொண்ணு நம்ம வார்டுதான? ஒருக்கா பாத்துப்போட்டுக் கட்டு."

மணமேடையே சிரித்தது. இன்றைக்கும் வெளியே கிளம்பும்போதெல்லாம் மனைவி கேட்கிறாள்: "எந்த வார்டுக்குங்க?"