குட்டையாக மூன்று சங்கு

2003 ஜூலை 12, சனிக்கிழமை. காலையில் தண்ணீர் லாரி வந்து போனது. குடங்களை நிரப்பி மூடி வைத்தேன். இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். ராயபுரத்தில் நான் வேலை பார்த்த கிளியரிங் ஆபீசுக்கு பஸ் ஏறினேன். சனிக்கிழமை அரைநாள் வேலை. மதியம் திரும்பும்போது டோல்கேட்டில் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் பஸ் வழக்கம்போல நின்று, வழக்கம்போல நகர்ந்தது. திருவொற்றியூரில் இறங்கி எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பாம்! பாம்! பாம்!

குட்டையாக மூன்று. சங்கு நைனாவின் சங்கு. எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஏன் ஓடினேன் என்பதற்கு முதலில் அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இணையத்தைக் கண்டு வியந்தவர்கள் உண்டு, பயந்தவர்கள் உண்டு. இணையத்துக்குச் சங்கு ஊதிய மனிதர் இந்தப் பூமியிலேயே அவர் ஒருவர்தான். எண்ணூர் சாலையில் ஒரு தொழிற்சாலையில் சங்கு ஊதுவது அவர் வேலையாக இருந்தது. நீளமாக ஒன்று ஊதினால் ஷிப்டு ஆரம்பம். குட்டையாக மூன்று ஊதினால் விபத்து. எங்கே யார் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடி வரவேண்டும். தொழிற்சாலையை மூடியபோது கிடைத்த பணத்தில் மற்றவர்கள் பைக் வாங்கினார்கள், பெண்ணுக்குக் கல்யாணம் செய்தார்கள். இவர் மூடிக் கிடந்த கறிக்கடையைப் பிடித்து பிரௌசிங் சென்டர் திறந்தார். சுவரில் கறி மாட்டும் கொக்கிகள் அப்படியே இருந்தன. பிள்ளைகள் புத்தகப்பையை அதில் மாட்டினார்கள்.

கம்ப்யூட்டர்களுக்கு பாய்லர், கிரேன், கன்வேயர் என்று பெயர். "பாய்லர்ல குந்துப்பா. கன்வேயர் ரிப்பேரு" என்பார். தடுப்பும் கிடையாது, கதவும் கிடையாது. எல்லாத் திரைகளும் தெருவைப் பார்த்திருந்தன. மீன்கூடையோடு போகிற மேரி அக்கா நின்று, "இன்னாடா, இன்னும் அந்தப் பந்தையே தள்ளிகினு கீற?" என்று கேட்டுவிட்டுப் போவார். பிள்ளைகள் அப்போது விரும்பி ஆடியது கோலால் பந்தைக் குழியில் தள்ளும் ஒரு விளையாட்டு. எதிரில் ஆடுபவர் எந்த ஊரிலோ இருப்பார். திரையின் ஓரத்தில் இருவரும் எழுதிப் பேசிக்கொள்ளலாம். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். நைனா பின்னால் நின்று அதை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிப்பார். வானொலிச் செய்தி தோற்றது.

கல்லாவின் மேல் பழைய லாரியிலிருந்து கழற்றிய ரப்பர் பந்து வைத்த ஹாரன் ஒன்று இருந்தது. அதுதான் சங்கு.

அவர் எதற்கு ஊதுவார், எதற்கு ஊதமாட்டார் என்று கண்டுபிடிக்க நான் வெகுநாள் முயன்றேன். 'உன் பேர் என்ன' என்று வந்தால் ஊதமாட்டார். 'எந்த ஸ்கூல்' என்று வந்தால் முறைப்பார், ஊதமாட்டார். கெட்ட வார்த்தை வந்தால்கூட, "கலீஜு பையன். ஆட்டத்த மூடு" என்பதோடு சரி. கடைசியில் கேட்டேவிட்டேன்.

"பேரு ஊரு எவன் வேணா கேப்பாம்மா," என்றார். "'பக்கத்துல யாரு கீறா'ன்னு ஒருத்தன் கேக்குறான் பாரு, அவன்தான் ஆளு. 'வூட்ல சொல்லாதே'ன்னு வந்துச்சா, முடிஞ்சிது. சங்குதான். ஃபாக்டரில அடிபட்டவன் எப்பவும் தனியா நின்னவன்தாம்மா. அதுக்குத்தான மூணு தபா ஊதி எல்லாரையும் கூப்புடுறோம்?"

இந்த விதி ஒருமுறை அவரையே கவிழ்த்தது. ரியாஸ் என்ற பையன் ஆடிக்கொண்டிருந்தபோது, எதிரில் இருந்தவர் 'பக்கத்துல யாரு?' என்று கேட்டார். பின்னாலேயே 'அம்மாகிட்ட சொல்லாதே' என்று வந்தது. நைனா மூன்று ஊதினார். தெருவே கூடியது. ஆட்டோ சேகர் பையனை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த அத்தனை வசவுகளையும் ஒற்றை விரலால் அடித்தார். பிறகு ஒரு வரி வந்தது. நைனா அதையும் சத்தமாக வாசித்தார்:

"டேய், நான் உங்கப்பன்டா."

வேறு பெயரில் ஆட வந்திருந்த, சவுதியில் வேலை பார்க்கும் ரியாஸின் அப்பா. அடுத்த வாரம் யாருக்கும் சொல்லாமல் லீவில் வந்து மனைவியை அசத்துவதாக இருந்தாராம். மனைவி அந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "வரட்டும், வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னா மாமு, மானத்த வாங்கிட்டியே!" என்றார் சேகர்.

"திட்டுனது நீ. நான் ஊதத்தான் செஞ்சேன்," என்றார் நைனா.

அதன்பிறகு பிள்ளைகள் அவரைக் கண்டாலே "பாம் பாம்" என்று கத்தினார்கள். பக்கத்துத் தெருவில் ஏசி போட்ட புது சென்டர் ஒன்று வந்தது. ஆளுக்கொரு அறை, அறைக்கொரு கதவு. எட்டாம் வகுப்புப் படித்த என் மகள் கவிதாவும் அங்கே மாறிவிட்டாள். "அங்க நிம்மதியா ஆடலாம்மா. யாரும் சத்தம் போட்டு வாசிக்கமாட்டாங்க," என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நைனாவின் பாய்லரும் கிரேனும் மாலை நேரங்களில் சும்மா கிடந்தன. அப்போதும் அவர் திரைகளைத் திருப்பி வைக்கவில்லை.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். கூட்டத்தை விலக்கி உள்ளே போனேன். நைனா கல்லாவை விட்டுத் தள்ளி, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.

"நான் இல்லம்மா. ஒம் பொண்ணு."

கவிதா ஹாரனை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அழுத்திய அழுத்தில் ரப்பர் பந்து கிழிந்திருந்தது. ஆனாலும் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தாள்; புஸ் புஸ் என்று காற்றுதான் வந்தது.

பாய்லரின் திரையில் அவள் திறந்து வைத்திருந்தது ப்ரீத்தியின் பேச்சு. ப்ரீத்தி எண்ணூர்ப் பெண், ஒன்பதாம் வகுப்பு, ஒரு மாதமாக அவளோடு பந்து தள்ளும் தோழி. வீட்டில் சாப்பிடும்போதெல்லாம் ப்ரீத்தி கதைதான். கதவு போட்ட அறையில் அன்று ப்ரீத்தி கேட்டிருந்தாள்: 'பக்கத்துல யாராவது இருக்காங்களா?' இவள் இல்லை என்று அடித்திருக்கிறாள். 'நாளைக்குக் கடற்கரைக்குத் தனியா வா. என் அண்ணன் பைக்ல வந்து கூட்டிட்டு வருவான். வீட்ல சொல்லாதே.'

"அதைப் படிச்சதும் நைனா குரல்லயே காதுல கேட்டுச்சும்மா," என்றாள் கவிதா. "கதவைத் திறந்துகிட்டு ஓடி வந்து, இங்க அதே ஆட்டத்தைத் திறந்து வெச்சிட்டு ஊதினேன்."

பயம் கோபமாக மாறி, "உனக்கு எத்தனை தடவை..." என்று ஆரம்பித்தேன்.

"த்தே, நிறுத்தும்மா!" நைனா என்னை அதட்டியது அந்த ஒருமுறைதான். "இப்ப திட்டுனின்னு வெச்சிக்க, அடுத்த தபா பொண்ணு ஊதாது."

மேரி அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திரையின் முன் வந்தார். "நான் சொல்றேன், நீ அடி, கண்ணு: 'ப்ரீத்தி, நாளைக்கு நான் வரேன். கூட எங்க தெருவும் வருது. உங்க அண்ணனுக்கு வஞ்சிரம் புடிக்குமா, எங்கிட்ட ஒதை வாங்கப் புடிக்குமா?'"

சேகர் கீபோர்டு பக்கமாகக் கையை நீட்டினார். "மாமு, இந்த தபா நான் திட்டலாமா?"

"யாரும் ஒண்ணும் அடிக்காதீங்க. உஷாராயிடுவான்," என்றார் நைனா. "அப்பிடியே கெடக்கட்டும்." திரையில் இருந்ததை முழுவதும் பிரிண்ட் எடுத்தார். கறிக்கடைக் கொக்கியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு எங்களோடு காவல் நிலையத்துக்கு நடந்தார். பின்னால் மேரி அக்கா, சேகர், ரியாஸின் அம்மா. ஒரு புகாருக்கு இவ்வளவு பேரா என்று ரைட்டர் கேட்டார். "சங்கு ஊதிச்சு சார்" என்றார் சேகர், அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல.

மறுநாள் எந்தப் பைக்கில் யார் வந்தார்கள், வந்தார்களா இல்லையா, எனக்குத் தெரியாது. கடற்கரையில் ஒரு போலீஸ்காரர் மஃப்டியில் நின்றதாகச் சேகர் சொன்னார். ப்ரீத்தி என்ற பெயர் அந்த ஆட்டத்தில் மறுபடி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பால்கூட வாங்குவதற்கு முன், நானும் கவிதாவும் அந்த ஹாரனை சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனோம். ரப்பர் பந்துக்கு பங்ச்சர் ஒட்டும் துண்டு வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். நைனாவின் ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. வாசலில் நின்று, பசை பிடித்துவிட்டதா என்று பார்க்க, கவிதா ஊதினாள்.

நீளமாக, ஒன்று.