சட்டிக்கடை முன்னால் நின்ற லாரி

இயற்பியலைப் புத்தகத்தில் படிக்கும் ஊர்கள் ஆயிரம் உண்டு. அதற்காக வேட்டியை மடித்துக் கட்டி உழைத்த இடம் திருவனந்தபுரம் சாலை பஜார் ஒன்றுதான். நாச்சியார் அதைக் கண்ணாரக் கண்டாள். காணாமலிருந்தால் அவளுடைய பானைகள் விற்றிருக்கும்.

மறுநாள் ஆற்றுகால் பொங்காலை; ஊர்ப் பெண்கள் எல்லாரும் புது மண்பானையில் அம்மனுக்குப் பொங்கலிடும் நாள். இன்று விற்காத மண்பானையை அடுத்த வருஷம்வரை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அன்று பார்த்து ஓர் அரிசி லாரி, நாச்சியாரின் சட்டிக்கடை வாசலை அடைத்துக்கொண்டு இன்ஜின் அணைந்து நின்றது.

சேதி கேட்டு வியாபாரிகள் ஒற்றுமைச் சங்கம் ஓடி வந்தது. அதிலிருந்து சண்டை போட்டுப் பிரிந்த 'உண்மை' ஒற்றுமைச் சங்கமும் ஓடி வந்தது. ஒற்றுமையின் தலைவர் ஆறுமுகநயினார் லாரியின் பின்னால் கை வைத்தார். எதிரி கை வைத்த இடத்தில் தானும் கை வைத்தால் கொள்கை என்னாவது? உண்மையின் தலைவர் ஞானையன் தம் ஆட்களோடு முன்பக்கம் போனார்.

இருபுறமும் தள்ளினார்கள்.

"அண்ணாச்சிமாரே, எல்லாரும் ஒரு சைடுல நின்னு தள்ளணும் கேட்டோ!" என்று டிரைவர் ரதீஷ் கெஞ்சினான்.

"அவங்கள முன்னால வரச் சொல்லுடே," என்றார் ஞானையன்.

"மொதல்ல கை வச்சது நாங்கல்லா? அவங்க பின்னால வரட்டும்," என்றார் ஆறுமுகநயினார்.

"நீங்க சும்மா இருந்தாலும் லாரி இப்படித்தானே நிக்கும், அண்ணாச்சி?" என்றாள் நாச்சியார்.

"சும்மா நிக்கது வேற, தள்ளிக்கிட்டு நிக்கது வேற. இது சேவைம்மா!" என்றார் ஆறுமுகநயினார்.

சமமான விசைகள் எதிரெதிரே தள்ளினால் பொருள் நகராது என்கிறது பள்ளிப் பாடம். வியர்வை ஆறாக ஓடியது. லாரி இம்மியும் அசையவில்லை. அறிவியல் மாபெரும் வெற்றி பெற்றது.

நாச்சியார் லாரிக்கும் கதவுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்து, பானைகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து தள்ளுவண்டியில் அடுக்கினாள். நாலு பெண்கள் பேரம் பேச வந்து நின்றார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அந்நேரம் கேமராவோடு வந்தான் டிவி நிருபர் வினீத். "தள்ளுறது கேமராவுல நல்லா கிட்டணும். அந்தச் சட்டி வண்டி மறைக்குது, சார்."

தலைவர்கள் இருவரும் திரும்பினார்கள். இரண்டு சங்கமும் பாய்ந்து வந்து வண்டியில் கை வைத்தன. ஒரே தள்ளுதான். வண்டி பானைகளோடு போய்த் தெருவோர ஓடையில் கவிழ்ந்தது.

நாச்சியார் ஓட்டாஞ்சில்லுகளைப் பார்த்தாள். பிறகு தலைவர்களைப் பார்த்தாள்.

"அப்போ, ஒரே பக்கமா நின்னு தள்ள உங்களுக்குத் தெரியாம இல்ல, அண்ணாச்சி."